ஒரே ஊர், இரண்டு தெரு: பீடி குடிப்பதில் இவ்வளவு வித்தியாசம் ஏன்?

பாவூர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாவூர்சத்திரம் பக்கத்து ஊர் ஒன்றில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்ப்பது, மாத்திரை கொடுப்பது, அளவு ஏறியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது என் வேலை. பீடி, சிகரெட், புகையிலை உண்டா என்றும் கேட்பேன். அந்தக் கேள்விக்கு வரும் பதில்கள்தான் என்னை இங்கே எழுத வைத்தன.

எங்கள் ஊரில் வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு தெரு, மேற்கே ஒரு தெரு. கிழக்கே இருப்பவர்கள் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள், லாரியில் கிளீனராகப் போகிறவர்கள். அங்கே நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களில் பீடி குடிக்காதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மேற்கே வாத்தியார்கள், மின்வாரியத்தில் இருப்பவர்கள், சொந்தக் கடை வைத்திருப்பவர்கள். அதே வயது ஆண்கள் அங்கே பெரும்பாலும் தொடுவதில்லை, அல்லது ஒரு காலத்தில் குடித்துவிட்டு விட்டவர்கள். ஒரே கோயில் கொடை, ஒரே ரேஷன் கடை, ஒரே பள்ளிக்கூடத்தில் சின்ன வயதில் சேர்ந்து உட்கார்ந்தவர்கள்கூட உண்டு. அப்புறம் எங்கே பிரிந்தது?

பெண்கள் கதை வேறு. கிழக்குத் தெருவில் வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். மடியில் சுளகு என்கிற முறம், அதில் இலையும் புகையிலைத் தூளும் நூலும். நாள் முழுக்க அந்தத் தூளுக்குள்தான் இருக்கிறார்கள், ஆனால் ஒருத்தி வாயிலும் பீடி கிடையாது. வயதானவர்கள் வெற்றிலையோடு புகையிலை போடுவார்கள், அவ்வளவுதான்.

சித்தப்பா முறை வரும் ஒருவருக்குக் காசநோய். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். "பீடியை விட்டுருங்க சித்தப்பா" என்றேன். அவர் கோபப்படவில்லை. "நாலு இழுப்பு இழுத்தாத்தான் தாயி அடுத்த லோடு ஏறும்" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வதென்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். புற்றுநோய் வரும் என்ற செய்தி அவருக்குத் தெரியும். கட்டுப் பீடி மேலேயே படம் போட்டிருக்கிறது. மனக்கட்டுப்பாடு இல்லாத ஆள் என்றும் என்னால் சொல்ல முடியாது. மூன்று பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் அவர்.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான். படிப்பு, வேலை, வருமானம், ஆண் பெண் என்பது, வயது, இதில் எது உண்மையில் ஒருவரைப் பீடி பக்கம் தள்ளுகிறது? எது அங்கேயே பிடித்து வைக்கிறது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். அறிவுரை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி அந்தத் தெருவுக்குள் போக எனக்கு மனமில்லை.

---

மேஸ்திரி மகன் பதில்:

அக்கா, உங்கள் சித்தப்பா சொன்ன வாக்கியத்தை என் அப்பா வாயிலும் கேட்டிருக்கிறேன். அவர் கொத்தனார், பிறகு மேஸ்திரி. நான் சிறுசேரி பக்கம் கட்டட வேலை மேற்பார்வை பார்க்கிறேன். புள்ளிவிவரம் எனக்குத் தெரியாது, சைட்டில் பார்ப்பதைச் சொல்கிறேன்.

வேலைத்தளத்தில் சாப்பாட்டு நேரம் தவிர நின்று மூச்சு வாங்க உரிமை உள்ள ஒரே ஆள் பீடி குடிக்கிறவர்தான். கான்கிரீட் போடும் நாளில் ஒருவன் சும்மா சுவரில் சாய்ந்து நின்றால் "என்னடா வேடிக்கை பாக்குற" என்று சத்தம் வரும். அதே ஆள் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பீடி முடியும் வரை அவனுக்கு நேரம் உண்டு என்பது எழுதாத ஒப்பந்தம். ஊரிலிருந்து புதிதாக வரும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் முதல் வாரத்திலேயே இதைப் புரிந்துகொள்கிறான். முதுகு வலிக்கிறது, உட்கார வேண்டும், அதற்கு ஒரு காரணம் கையில் இருக்க வேண்டும். யாராவது ஒரு அண்ணன் நீட்டுவார். முதல் பீடி பெரும்பாலும் இலவசம்.

சித்தாள் பெண்களுக்கு அந்த ஓய்வும் கிடையாது. ஒரு பெண் ஓரமாக நின்று பீடி பற்றவைத்தால் சைட் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அதனால் அவர்கள் நிற்காமலே செய்யக்கூடியதைச் செய்கிறார்கள். வெற்றிலை புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சட்டி சுமப்பார்கள். பசியும் அடங்கும் என்று சொல்வார்கள். ஒடிசா, பீகார் பையன்கள் கைனி என்ற புகையிலையை உதட்டுக்குள் வைப்பதும் இதே மாதிரிதான், கை இரண்டும் வேலைக்குக் கிடைக்கும்.

அதற்கு மேலே படிநிலை ஒன்று இருக்கிறது. ஹெல்பர் பீடி, கொத்தனார் பீடி, எலக்ட்ரீஷியன் விலை குறைந்த சிகரெட், எங்கள் எஞ்சினியர் நீள சிகரெட். எஞ்சினியர் ஒருநாள் ஒன்றை நீட்டினால் அந்தக் கொத்தனார் அதை மறுக்க மாட்டார். அவருக்கு அது மரியாதை. பையன் ஒருவனுக்குச் சம்பளம் கூடியதும் முதலில் மாறியது அவன் புகைக்கிற பொருள்தான், செருப்பு பிறகுதான் மாறியது.

ஒரு சைட்டில் பதினோரு மணிக்கும் மூன்றரைக்கும் எல்லோருக்கும் பத்து நிமிடம் ஓய்வு, சுக்குக் காபி என்று வைத்தோம். வயதானவர்கள் காபியும் குடித்தார்கள், பீடியும் குடித்தார்கள். அதில் மாற்றம் இல்லை. ஆனால் புதிதாக வந்த பையன்களில் பீடிக்குப் போனவர்கள் குறைவு. நிற்பதற்கு அவர்களுக்குக் காரணம் தேவைப்படவில்லை. என் கண்ணுக்கு இது பெரிய விஷயமாகத் தெரிகிறது.

---

ஓய்வுபெற்ற கணக்கன் பதில்:

அம்மா, நான் சுகாதாரத் துறையில் புள்ளியியல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் இரண்டு தெருவும் எங்கள் அட்டவணைகளில் பல வருடம் பார்த்த அதே படம்தான். சில எண்களைத் தருகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

இந்தியாவில் பெரியவர்களின் புகையிலைப் பழக்கம் பற்றிய பெரிய கணக்கெடுப்பு 2009-10இல் ஒருமுறையும் 2016-17இல் ஒருமுறையும் நடந்தது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் வீட்டுக்கே போய்க் கேட்டது. இரண்டாவது சுற்றில் ஏதாவது ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துபவர்கள் 28.6 சதவீதம். முதல் சுற்றில் அது 34.6. புகைப்பவர்களை மட்டும் எடுத்தால் 10.7 சதவீதம்: ஆண்களில் 19, பெண்களில் 2. அதிலும் பீடி 7.7, சிகரெட் 4. பேப்பரிலும் டிவியிலும் சிகரெட்டைப் பற்றித்தான் பேசுகிறோம், நாட்டில் எரிவது பெரும்பாலும் பீடி. கிராமத்தில் புகைப்பவர்கள் 11.9 சதவீதம், நகரத்தில் 8.3.

தமிழ்நாடு எனக்கு வருத்தம் தரும் வரி. நாடு முழுக்க குறைந்தபோது, இங்கே மொத்தப் புகையிலைப் பயன்பாடு 16.2இலிருந்து 20 சதவீதமாக ஏறியது. பக்கத்தில் கேரளத்தில் 21.4இலிருந்து 12.7ஆக இறங்கியது. பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 1999லேயே தீர்ப்பளித்தது. நாடு முழுக்க அந்த விதி 2008 அக்டோபர் 2இல்தான் முழுவீச்சில் வந்தது. அதனால்தான் குறைந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட மாட்டேன். ஆனால் பஸ் ஸ்டாண்டில் பற்றவைக்கக் கூச்சப்படும் ஒரு தலைமுறை அங்கே முன்னதாகவே உருவானது.

இப்போது உங்கள் கேள்வி. எது தள்ளுகிறது, எது பிடித்து வைக்கிறது என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டீர்களே, அதுதான் சரியான கேள்வி. தொடங்குவதில் ஆண் என்பதும் வயதும் நண்பர்களும் பெரிய பங்கு. இந்தியாவில் தொடங்கும் சராசரி வயது 18.9. மேற்குத் தெருப் பையன்களும் கல்லூரி நாளில் தொட்டுப் பார்த்திருப்பார்கள். பிரிவது அதற்குப் பிறகு. படித்து, நிரந்தர வேலைக்குப் போனவருக்கு அலுவலகத்தில் புகைக்கத் தடை, கல்யாணம் ஆனதும் வீட்டில் தடை, முப்பத்தைந்து வயதில் ஒரு டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்கிறார், கூட வேலை செய்பவர்களில் நாலு பேர் விட்டுவிட்டார்கள். விடுவதற்கு அவரைச் சுற்றி ஆள் இருக்கிறது. கிழக்குத் தெருவில் விட நினைப்பவரைச் சுற்றி எல்லோரும் குடிக்கிறார்கள். விட வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை என்று நினைக்காதீர்கள். புகைப்பவர்களில் பாதிக்கு மேல் விட நினைப்பதாகத்தான் அந்தக் கணக்கெடுப்பிலேயே சொன்னார்கள்.

உங்கள் சித்தப்பாவின் காசநோய் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் இறந்த சுமார் 43,000 ஆண்களின் விவரத்தை, உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டு டாக்டர் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் மற்றவர்களும் 2003இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். புகைப்பவர்கள் காசநோயால் இறப்பது புகைக்காதவர்களைப் போல சுமார் நான்கு மடங்கு. இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் பாதிப்பேர் சாவுக்குப் புகைப்பது காரணம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். நம் ஊர் மனிதர்களை வைத்தே கண்டுபிடித்த உண்மை இது. அவர் மாத்திரை சாப்பிடும் காலத்தில் பீடி பற்றிப் பேசுவது தனி அறிவுரை அல்ல, அதே வைத்தியத்தின் பாதி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"பீடி இலையில சுத்துறது, சிகரெட் மாதிரி கெமிக்கல் கிடையாது" என்றும் சொல்வார்கள். பீடியில் தூள் குறைவுதான், சிகரெட்டில் இருப்பதில் நாலில் ஒரு பங்கு இருக்கும். ஆனால் இலை காற்றை விடாது, இழுக்காவிட்டால் அணைந்துவிடும். அதனால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. 2008இல் வந்த பிரபாத் ஜா குழுவின் ஆய்வில், பீடி குடிக்கும் ஆண்கள் சராசரியாக 6 ஆண்டும் பெண்கள் 8 ஆண்டும் ஆயுளை இழப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

---

இரவு ஷிப்ட் பதில்:

அக்கா, நான் சென்னை ஓஎம்ஆரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். நான் புகைத்திருக்கிறேன், இப்போது இல்லை. படித்தவர்கள் குடிக்க மாட்டார்கள் என்று இந்தத் திரி முடிந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

மேஸ்திரி மகன் அண்ணன் சொன்ன அதே ஓய்வு எங்களுக்கும் உண்டு, கண்ணாடிக் கட்டடத்துக்குப் பின்னால் டீக்கடையில். இரவு இரண்டு மணிக்கு மேனேஜர் இறங்கிப் போவார், கூடவே நாலு பேர். அடுத்த புராஜெக்ட் யாருக்கு, யார் ஆன்சைட் போகிறார்கள் என்பதெல்லாம் அங்கே பேசி முடிந்துவிடும். மேலே வந்து மீட்டிங்கில் நமக்குச் சொல்வார்கள். இருபத்து மூன்று வயதில், அந்த வட்டத்துக்கு வெளியே நின்றால் வேலையிலும் வெளியேதான் என்று எனக்குத் தோன்றியது. அப்படித்தான் தொடங்கினேன்.

ஆனால் ஒரு ஆணுக்கு நடப்பதும் எனக்கு நடந்ததும் ஒன்றல்ல. டீக்கடைக்காரர் அவர்களுக்குச் சிரித்துக்கொண்டே கொடுப்பார், எனக்குத் தரும்போது முகம் பார்க்க மாட்டார். விடுதியில் யாரோ வார்டனிடம் சொன்னதால் அறையைக் காலி செய்ய வேண்டி வந்தது. அம்மாவுக்கு இன்று வரை தெரியாது. பெண்களில் 2 சதவீதம் என்ற எண்ணைப் பார்க்கும்போது, வீட்டில் மாமியார் பக்கத்தில் நிற்கும்போது எத்தனை பெண்கள் "ஆமாம்" என்று சொல்வார்கள் என்று யோசிக்கிறேன். ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, எண் உண்மையாகவே சிறியதாகத்தான் இருக்கும். ஆனால் மறைத்துக் குடிப்பவள் டாக்டரிடமும் மறைப்பாள். கர்ப்பத்தடை மாத்திரை போட்டுக்கொண்டிருந்தபோது நான் மறைத்தேன். அந்த மாத்திரையோடு புகைத்தால் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு என்பது எனக்கு மிகப் பிறகுதான் தெரிந்தது.

உங்கள் தெருக்களில் பெண்களிடம் கேட்கும்போது ஆண்களும் மாமியாரும் இல்லாத நேரத்தில் கேளுங்கள். புகையிலை, மூக்குப்பொடி, பல்லில் தேய்க்கும் பொடி எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

---

சுளகு வீடு பதில்:

நான் முக்கூடல் பக்கம். அம்மா பீடி சுற்றித்தான் எங்களை வளர்த்தாள், எனக்கும் பத்து வயதில் சுற்றத் தெரியும். நீங்கள் எழுதியதில் ஒன்று விட்டுப் போயிருக்கிறது. பீடி சுற்றும் வீட்டில் பீடிக்குக் காசு வேண்டாம்.

ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கடைக்குக் கொண்டுபோனால் இலை சரியில்லை, தூள் குறைவு என்று கழிப்பார்கள். கழித்ததற்குக் கூலி இல்லை. இதற்குப் பயந்து அம்மா எப்போதும் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றி வைப்பாள். அந்தக் கூடுதலில் இருந்துதான் தாத்தா எடுப்பார், பிறகு மாமா எடுத்தார், பிறகு என் தம்பி. பன்னிரண்டு வயதில் அவன் எடுத்ததை யாரும் திருட்டாகக்கூடப் பார்க்கவில்லை. கடையில் போய் வாங்க வேண்டுமென்றால் அண்ணாச்சி அப்பாவிடம் சொல்லிவிடுவார் என்ற பயமாவது இருந்திருக்கும்.

அம்மாவிடம் பீடியை எதிர்த்துப் பேச முடியாது அக்கா. பேசினால் "இதுலதானடி நீ படிச்ச" என்பாள். அவள் சொல்வதில் பொய் இல்லை. பி.எஃப்., பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை எல்லாம் பீடித் தொழிலாளி அட்டையில் வந்தது. வீட்டிலிருந்தபடி, பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, யார் கையையும் எதிர்பார்க்காமல் சம்பாதிக்க எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வேறு என்ன கொடுத்தார்கள்? உங்கள் கிழக்குத் தெருப் பெண்கள் கணவனைத் தடுக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும். அந்தத் தூளை மூச்சில் வாங்குவதால் அவர்களுக்கே இருமல் வருகிறது. அவர்களுடைய நெஞ்சையும் பாருங்கள், தயவுசெய்து.

---

பாவூர்க்காரி பதில்:

எல்லோருக்கும் நன்றி. சுளகு வீட்டுத் தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு வீட்டில் விசாரித்தேன். அப்படியே உண்மை. ஒரு வீட்டில் "சுளகுல கிடக்கத எடுக்காக, இதுக்குப் போயி கணக்கா" என்றார்கள். அந்தத் தெருவில் பையன்களுக்குப் பீடி எங்கிருந்து வருகிறது என்று கேட்டு ஒரு கடைக்காரரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள் பள்ளிக்கூடத்தில்.

ஐயா சொன்ன தள்ளுவதும் பிடித்து வைப்பதும் என் நோட்டில் இப்போது தனித்தனிப் பத்தி. முதல் பீடி யார் கொடுத்தது, எங்கே, எந்த வேலையில் என்று ஒரு கேள்வி. விட்டுப் பார்த்ததுண்டா, எது திரும்ப இழுத்தது என்று இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு மார்க்கெட், சூளை, லாரி என்று வேலை செய்யும் இடத்தின் பெயரைத்தான் சொல்கிறார்கள். நான் எதிர்பார்த்த கல்யாண வீடு, திருவிழா எல்லாம் அபூர்வமாகத்தான் வருகிறது. இரண்டாவதற்கு அதிகம் வரும் பதில், "எல்லாரும் குடிக்கும்போது நான் மட்டும் எங்க போயி உக்கார."

இரவு ஷிப்ட் தங்கச்சி, நீ சொன்னபடி பெண்களிடம் மத்தியானம் தனியாகக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். பல்பொடி என்று கேட்டதும் பெட்டியையே எடுத்துக் காட்டினார் ஒரு பாட்டி. உன் தைரியத்துக்கு என் அன்பு.

சித்தப்பாவிடம் காசநோய் மாத்திரையோடு சேர்த்துப் பேசினேன். "மாத்திரை முடியிற வரைக்கும் குடிக்கல, அதுக்கு மேல கேக்காத" என்றார். இப்போதைக்கு அது போதும். அடுத்தது அந்த லோடு ஏற்றும் இடம். மேஸ்திரி மகன் தம்பி, உங்கள் சைட்டில் பதினோரு மணிக் காபிக்குக் காசு யார் கொடுத்தது? பத்து நிமிடம் நின்றால் கூலி பிடிப்பார்களா என்று எங்கள் சுமைத் தொழிலாளர் சங்கத்தில் கேட்பார்கள். அதற்குப் பதில் தெரியாமல் போய்ப் பேச முடியாது.

---

மேஸ்திரி மகன் பதில்:

அக்கா, காபிக்கு ஒப்பந்தக்காரர் கொடுத்தார், டம்ளருக்கு நாங்கள் சேர்த்துப் போட்டோம். கூலி பிடிக்கவில்லை. அவரை ஒத்துக்கொள்ள வைத்தது ஒரு சின்னக் கணக்கு. பீடி குடிப்பவர்கள் தனித்தனியாக எப்போது எப்போது இறங்கிப் போகிறார்கள், அதுவரை கலவை எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கிறது என்று ஒரு நாள் முழுக்க எழுதிக் காட்டினேன். எல்லோரும் ஒரே நேரத்தில் நின்றால் அவருக்கு லாபம் என்று அவரே சொன்னார். மூட்டை ஏற்றும் இடத்தில் லாரி மாறும் இடைவெளியைப் பாருங்கள், அங்கேயே பத்து நிமிடம் ஒளிந்திருக்கும். சங்கத்தில் பேசுவதற்கு முன்னால் ஒரு நாள் போய் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். விட நினைக்கிறவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணையும் அங்கே எழுதி ஒட்டுங்கள், தமிழிலேயே பேசுவார்கள். எங்கள் சைட்டில் அதைத் தண்ணீர் டிரம்முக்கு மேலே ஒட்டியிருக்கிறோம்.